உம்மாவின் திங்களும் வியாழனும்

நான் உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவை எடுத்த வாரமே உம்மா எனக்காக நோன்பு பிடிக்கத் தொடங்கிவிட்டார். திங்களும் வியாழனும். மகன் டாக்டராக வேண்டும் என்பது நிய்யத், நோன்பின் எண்ணம். ரியூசனுக்குக் காசு கட்டுவது வாப்பாவின் வேலை, பசி கிடப்பது உம்மாவின் வேலை என்று வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் பிரிந்திருந்தது. படிப்பது மட்டும்தான் என் பங்கு. அந்த ஒன்றுதான் ஒழுங்காக நடக்கவில்லை.

பெயிலாகும் அளவுக்கு நான் மோசமில்லை. மருத்துவ பீடத்துக்குத்தான் புள்ளி போதவில்லை. இரண்டாம் முறையும் அதே கதை. "இன்னொருக்காப் பார்ப்பம்" என்றார் வாப்பா. அடுத்த வகுப்பு தொடங்கும் வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, கல்முனையில் பிரிட்ஜ் திருத்தும் கடையொன்றில் போய் ஒட்டிக்கொண்டேன்.

ஒருநாள் காரைதீவிலிருந்து ஐஸ்கிரீம் பெட்டியொன்று வந்தது. எத்தனை முறை காஸ் அடித்தாலும் உள்ளே நிற்காது. வேறு கடைக்காரர்கள் கைவிட்ட பெட்டி. குழாய்க்குள் காற்றை ஏற்றிவிட்டு, சவர்க்கார நுரையை நீளத்துக்கும் பூசிக்கொண்டே போனேன். பின்பக்க வளைவொன்றில், மெல்ல, ஒரு குமிழி ஊதியது; ஓட்டை அங்கேதான். நான் போட்ட சத்தத்தில் முதலாளி தேநீரைச் சிந்திவிட்டார். "என்னடா, வயலுக்க புதையல் கண்டவன் மாதிரிக் கத்துறாய்!"

அவ்வளவு சந்தோஷம் எந்த வகுப்பிலும் எனக்கு வந்ததில்லை. இதுதான் எனக்குரிய வேலை என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாட்டுக்குத் தாளம்கூடப் போட்டேன். அன்று வியாழன் என்பது இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

உம்மா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெளிறிக் கிடந்தது. கடைக் கதையை எடுக்காமல் சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நோன்பு நாட்களில் வெறுங்கையோடு வீடு போக எனக்குக் கூசியது. நல்ல பேரீச்சம்பழம், பலூடா, வட்டிலப்பம் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். லஞ்சம்தான், வேறென்ன? உம்மாவோ பக்கத்து வீட்டுக்கெல்லாம் என் புகழ் பாடினார். "என்ட மகனுக்கு என்ட நோன்புல எவ்வளவு கவனம் பாருங்க."

மூன்றாம் முறைக்கு வகுப்பில் சேரும் நாள் நெருங்கியது. இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று பட்டது. ஒரு வியாழன், உம்மா நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"உம்மா, நான் இனிச் சோதனை எழுதல்ல. அந்தக் கடை வேலைதான் எனக்குச் சரிவருது."

சத்தம் போடுவார், அழுவார் என்று பயந்திருந்தேன். பேரீச்சங்கொட்டையை விரல்களுக்குள் உருட்டிவிட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ஓம் மகன். அல்லாஹ் உனக்கு நாடினது அதுதான் போல. வருத்தப்படாத."

இவ்வளவுதானா என்று நெஞ்சு லேசாகிவிட்டது. வருடக்கணக்காகப் பட்டினி கிடந்தவர், எனக்கே ஆறுதல் சொல்கிறாரே என்று வெட்கமாகவும் இருந்தது. இனியாவது அந்த வயிறு காயாதே என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை காலை, உம்மாவுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினேன். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் நோன்பு."

"இனி என்னத்துக்கு உம்மா? நான்தான் எழுதல்லயே."

"உனக்கில்ல மகன். தங்கச்சிக்கு. சாதாரண தரம் முடிஞ்சதும் அவள் பயோதான் எடுக்கணும். வாப்பாவோடையும் கதைச்சாச்சு."

தனக்கு வர்த்தகப் பிரிவுதான் விருப்பம் என்று தங்கச்சி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். காக்காவான என்னிடம் மட்டும். பள்ளிக்கூட உடுப்போடு அவள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உம்மா கிணற்றடிக்குப் போனதும் என்னருகே வந்தாள்.

"நீங்க தப்பிட்டீங்க, காக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கடைக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடினேன்.