இடது கையால் வந்த பொங்கல் கடிதம்

பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, எண்பத்தாறில் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் போனாள். இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் அவள் புருஷனுக்கு யாரும் வந்து போவது பிடிக்காது. அதனால் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டையோடு ஒரு கடிதம். டீச்சரின் குடையை ஒளித்துவைத்து நாங்கள் முட்டி போட்டதை எழுதுவாள். மகளுக்குப் பல் முளைத்ததை எழுதுவாள். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் கதைகளை எழுதுவேன்.

ஐந்தாவது பொங்கலுக்கு வந்த கடிதத்தில் எழுத்துகள் கோணிக்கொண்டு கிடந்தன. 'மாடிப்படியில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், சிரிக்காதே.'

கல்யாணத்தன்று நான் பார்த்த அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

மாட்டுப் பொங்கலுக்குக் கம்பெனி லீவு. பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவளின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கையில் மாவுக்கட்டு.

"ஏட்டி, எதுக்கு வந்த? போயிரு. அவிய குளிச்சிட்டு வாராக."

சொல்லி முடிப்பதற்குள் அவன் ஈரத்துண்டோடு வந்துவிட்டான்.

"லெட்டர் போட்டு ஆள் கூட்டுதியோ?" என்று அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். மறுபடியும் மோதினான். மாவுக்கட்டுக் கையைத் திருகினான். அவள் கத்தவில்லை. பழகிப்போனவள்போலப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூலையில் சாத்தியிருந்த கரும்பை எடுத்து அடித்தேன். முதல் அடி தோளில், அடுத்தது நெற்றியில். கரும்பு ஒடிந்தது. அவன் சரிந்து உட்கார்ந்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. தலையை மறைத்த அவன் கைகளின்மேல் ஒடிந்த துண்டால் அடித்துக்கொண்டே இருந்தேன்.

"விடுட்டி, செத்துருவாக!" என்று அவள்தான் நடுவில் விழுந்தாள். முந்தானையை அவன் நெற்றியில் அமுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இனி எம் மூஞ்சில முழிக்காத."

திரும்பும் பஸ்ஸில், அவன் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயந்தேன். சாகவில்லையே என்றும் நினைத்தேன்.

அடுத்த பொங்கலுக்குக் கடிதம் இல்லை. அதற்கடுத்த பொங்கலுக்குத் தளவாய்புரத்திலிருந்து வந்தது. அங்கே நைட்டி தைக்கிறாளாம். 'பாப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். காதில் ரத்தம். அரிவாள்மணையை அவர் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு வெளியே வந்துவிட்டேன். முடிந்தால் வா.'

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். மகளுக்கு இடது காது கேட்கவில்லை. பிள்ளைக்கு வலப்பக்கம் உட்காரும்படி தோழி என்னிடம் சொன்னாள். தையல் மெஷினை நிறுத்தாமலே, "அன்னைக்கி உங்கூட வந்திருந்தா புள்ள காது தப்பிச்சிருக்கும்" என்றாள்.

"ஒன்ன இழுத்துட்டு வராமப் போனேனே" என்றேன். அவனை அடித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அன்று தனியாகப் பஸ் ஏறியதற்குத்தான் இன்றுவரை வருந்துகிறேன்.