ஒரே செட் ஸ்டிக்கர்

மிக்கேல்ராஜ் என் சித்தப்பா. மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில், வீட்டு முன்னாலேயே கொட்டகை போட்டு, பழைய சைக்கிள்களுக்கு பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார். அதற்கு முன்னால் பல வருஷம் சார்ஜாவில் கார் பெயிண்டர். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அந்த பி.காம். அவர் அங்கிருந்து அனுப்பிய பணத்தில் படித்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான்.

சார்ஜாவில் வேலை முடிந்ததும் பெயிண்ட் போக தின்னரில்தான் கை கழுவுவார்களாம். திரும்பி வந்தபோது அவர் விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. "தெரிஞ்சா எவன் சைக்கிளக் குடுப்பான்?" என்பார். அதையும் சோறு போடச் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

நாகூர் அஸார் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, அவன் அத்தா மூஸா ஊர் ஊராகக் கைலி விற்ற இங்கிலாந்து சைக்கிளைக் கொண்டுவந்தான். துரு தேய்த்துப் பச்சை பெயிண்ட் அடித்தாயிற்று. கம்பெனிப் பெயரை அந்தக் காலத்து எழுத்து மாதிரியே அச்சடித்த ஸ்டிக்கரை அஸார் லண்டனிலிருந்து வரவழைத்திருந்தான்.

"ஒரே செட்தாண்ணே. போனா போச்சு."

சித்தப்பா ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஃப்ரேமில் உட்காரவைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒத்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். வார்னிஷ் பூசிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேதான்.

ஃபிளோரா சித்தி வந்து ஃப்ரேமைத் தொட்டாள்.

"மீன் கையோட தொடாத."

"சோப்பு போட்டாச்சு. நிறுத்துங்க, இங்க ஸ்டிக்கருக்குக் கீழ காத்து நிக்குது."

"இல்லையே. இப்பதானே பாத்தேன்."

"சோத்துல கல்லு கெடந்தா மட்டும் ஒடனே தெரியுது உங்களுக்கு."

கொப்புளத்தை ஊசியால் குத்திக் காற்றை எடுக்க வேண்டும். சித்தப்பா ஊசியைப் பிடித்தார். இரண்டு தடவை நழுவியது. சித்தியிடம் கொடுத்துவிட்டார். அவள் குத்தி, ஈரத்துணியால் ஒத்தினாள். எழுத்து கிழியவில்லை. வார்னிஷும் சித்திதான் பூசினாள். "தடிமனா வேணாம். ஓரம் மூடணும்," என்று அவர் பக்கத்தில் நின்றார்.

சைக்கிளை எடுக்க வந்த அஸார் எழுத்தின் மேல் கையை ஓட்டிப் பார்த்தான்.

"அண்ணே, உங்க கை தனிதான்."

"சரி பண்ணது இவ. எனக்கு விரல்ல உணர்ச்சி கெடையாது தம்பி."

ஏன் அப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அஸார் அவர் விரல்களைப் பார்த்தான். பிறகு சித்தி பக்கம் திரும்பினான்.

"அக்கா, எத்தன நாளு தண்ணி படாம வச்சுக்கணும்?"

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வார்னிஷ் டப்பா மூடியைச் சுற்றிச் சுற்றி அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம்," என்றாள். "வெயில்லயும் நிறுத்தாதீங்க."

அவன் போனதும், "ஒரு வாரம்னு நீங்களே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"உன்னத்தான கேட்டான்," என்றார் சித்தப்பா.