மேற்கே போன வண்டி

கூண்டு வண்டிக்குள் அத்தையின் மடியில் காய்ச்சலில் கொதித்துக் கிடந்த குழந்தைதான் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிகிறது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. புயலில் சுவர் இடிந்து புருஷன் போன பிறகு கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அதே புயலில்தான் கடல் ஏறி, கடப்பாக்கத்தில் எங்கள் வயல் உப்புப் பூத்தது. மேற்கே, செங்கம் தாண்டி மலையடிவாரத்தில் புதரை வெட்டித் திருத்துகிறவனுக்கே நிலம் என்று யாரோ சொன்னார்கள். விதைநெல், பாத்திரம், கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாலைந்து குடும்பங்களாகப் புறப்பட்டோம்.

இன்று காரில் சில மணி நேரத்து வழி. அன்று கூண்டுக்குள் வெயில் வேகவைத்தது. கிணற்றடியில் தண்ணீர் கேட்டால், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்த பிறகே ஊற்றினார்கள். மதுராந்தகம் வருவதற்குள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அத்தை கெஞ்சினாள். மற்ற வண்டிகள் முந்திவிட்டால் நல்ல நிலம் கைவிட்டுப் போகும் என்று அப்பாவுக்குப் பயம். "வந்தவாசில பாத்துக்கலாம்" என்று மாட்டை அதட்டினார். ஏரிக்கரை முடிவதற்குள் குழந்தை அடங்கிவிட்டது. கரைக்குக் கீழே புதைத்தார்கள். அத்தை அழவில்லை. அதன்பின் அப்பாவிடம் பேசவுமில்லை.

மலையடியில் எங்களுக்கு வாய்த்தது பாறை. கல் பொறுக்கியே காலம் போனது. ஒருவழியாக வரகு முளைத்தபோது, நிலம் தன்னுடையது என்று ஒருவர் ஆட்களோடு வந்து குடிசைகளைப் பிரித்துப் போட்டார். எங்கள் மாடுகளில் ஒன்று அங்கேயே செத்தது. இரவல் மாடு பூட்டித் திரும்பினோம்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் அத்தை இறங்கிக்கொண்டாள். ஊருக்குப் போகலாம் வா என்று அப்பா கையைப் பிடித்தார். அப்போதுதான் அவரிடம் வாய் திறந்தாள்.

"நீ போண்ணா. எம்புள்ள இங்க கீது. அன்னிக்கி நீ நிறுத்தாத எடத்துல நான் நின்னுக்கறேன்."

அங்கேயே நடவும் களையெடுப்புமாகப் பிழைத்தாள். அப்பா பலமுறை போய்ப் பார்த்தார். அவள் கதவைத் திறக்கவில்லை. அவள் இறந்த செய்தி வந்ததும் நானும் அவரும் போனோம். காரியத்தை முன்னின்று நடத்திய பக்கத்து வீட்டுக்காரர், யார் நீங்கள் என்று கேட்டார். அண்ணன் என்றார் அப்பா.

"அண்ணனா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு சொல்லிகினு இருந்துதே."

 அப்பா, கொண்டு போயிருந்த பிறந்த வீட்டுக் கோடித்துணியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.