என் மூஞ்சி, சென்னைக்காரம்மா குரல்

நாடகக்காரிக்கு மேக்கப் கலைஞ்சா தொடச்சிக்கலாம், தொண்ட கட்டுனா அன்னிக்குப் பொழப்பு இல்ல. அம்மா வேசம், அண்ணி வேசம், கூட்டத்துல நின்னு அழுவுற வேசம்னு கட்டிக்கினு திரிஞ்ச அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்கு நான் இன்னா புதுசா சொல்லப் போறேன்? எனக்கு மிமிக்ரியும் வரும், அதனால கொஞ்சம் ஜாஸ்தியாவே பட்டிருக்கேன்.

மாமியாருக்கு சால்வ

ரெண்டாயிரத்து நாலு, ஆடித் திருவிழா. எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல எங்க குரூப் நாடகம். நான் மருமவ. மாமியார் வேசக்காரி காய்ச்சல்னு வரல. "அத்த உள்ள படுத்திருக்காங்க"ன்னு வசனத்த மாத்திட்டேன். முதுகக் காட்டி நின்னா மாமியார் குரல், மூஞ்சியக் காட்டுனா மருமவ குரல். என்ன நானே அந்தத் திட்டு திட்டிக்கினேன். கூட்டம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுச்சி. கடசியில விழாக் கமிட்டித் தலைவர் எனக்கு சால்வ போட்டுட்டு, படுதாவுக்குள்ள எட்டிப் பாத்தாரு. "உள்ள படுத்திருக்க அந்தம்மாவயும் கூப்புடும்மா, வாயி ஜாஸ்தின்னாலும் நல்லா பேசுனாங்க."

அழுவுற சீன்

அந்த வருசக் கடசியிலதான் கடல் உள்ள வந்துச்சி. மறு ஆடிக்கு அதே ஊர்ல கூப்ட்டாங்க. போவவே பயமா இருந்துச்சி. புள்ளயப் பறிகொடுத்துட்டு நான் அழுவுற சீன் ஒண்ணு கதையில உண்டு. எங்க போனாலும் கைதட்டு வாங்குறது அதான்.

மேக்கப் போட்டுக்கினு இருக்கப்ப மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க வந்து நின்னாங்க. அவுங்களுக்கு ரெண்டு புள்ளையும் போச்சின்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. என் கையப் புடிச்சிக்கினு மெதுவாத்தான் பேசுனாங்க. "அழுவுறத எங்களுக்குக் காட்டாத தாயி. சிரிக்கிறாப்புல இருக்கறதப் போடு, நாங்க இங்கியே ஒக்காந்திருக்கோம்."

தியேட்டர் வாசல்ல

அன்னிக்கு முழுக்க சிரிப்பு சீனாத்தான் போட்டோம். படம் புடிக்க எடம் பாக்க வந்திருந்த சினிமா கம்பெனி ஆளு ஒருத்தரு அதப் பாத்துட்டு எனக்கு மீன்காரி வேசம் குடுத்தாரு, ஹீரோவுக்கு அம்மா. துறைமுகத்துல ஷூட்டிங். மூணு பக்க வசனம், ஒரே டேக்.

சிதம்பரத்துல எங்க அக்கா இருக்கா. மாமா வூட்ல நாடகம்னாலே ஆவாது, அதனால என்ன மேடையில ஒரு வாட்டிகூட அவ பாத்ததில்ல. மாமா தவறிப் போயி, சக்கர நோயில அவளுக்கு ரெண்டு கண்ணும் போனப்பறம், "உன் கொரலயாவது கேக்கறேன், கூட்டிக்கினு போடி"ன்னா. படம் வந்த மறுநாளே கூட்டிக்கினு போனேன். திரையில என் மூஞ்சி வாயத் தெறந்துச்சி. வந்தது யாரோ சென்னைக்காரம்மா குரல். டப்பிங்குக்கு வேற ஆளப் போட்டத எனக்கு யாரும் சொல்லவே இல்ல. அக்கா காதத் தீட்டிக்கினு கடசி வரிக்கும் ஒக்காந்திருந்தா. வாசல்ல வந்து என் தோளத் தடவிக் குடுத்தா. "ஏண்டி, உன் சீன வெட்டிட்டாங்களா?"

மேனேஜர் சொன்ன ஞாயம்

அடுத்த படத்துலயும் மீன்காரிதான், கடலூர் மீன்காரி. சினிமா கம்பெனி மேனேஜர்ட்ட கெஞ்சுனேன். "சார், எங்க அக்காவுக்குக் கண்ணு தெரியாது, நானே பேசறேன் சார்." முடியாதுன்னாரு. சரின்னு அந்தச் சென்னைக்காரம்மா மாதிரியே ஒரு வரி எடுத்து வுட்டேன். மனுசன் அவுங்கதான் வந்துட்டாங்கன்னு எழுந்து பின்னாடி பாத்தாரு. அப்பறம் ஒக்காந்து ஞாயம் சொன்னாரு. "உங்க மூஞ்சி கடலூர் மாதிரி இருக்கும்மா, அதுக்குத்தான் கூப்ட்டோம், பேச்சும் கடலூர் மாதிரி இருந்தா எப்டிம்மா?"

சத்தமில்லாத டிவி

ரெண்டாவது படத்துலயும் அதே சென்னைக்காரம்மாதான். ரெண்டாயிரத்துப் பன்னண்டு பொங்கலுக்கு மொதப் படத்த டிவியில போட்டான். இந்த வாட்டி அக்கா கேட்டே ஆவணும். ரிமோட்ட எடுத்து சத்தத்த மொத்தமா கொறச்சிட்டு, அவ பக்கத்துல ஒக்காந்து நானே பேச ஆரம்பிச்சேன். ஹீரோ, வில்லன், போலீஸ், போட் எஞ்சின், எல்லாம் உதட்டுக்குச் சரியா. மீன்காரி வந்தா. துறைமுகத்துல பேசுன மாதிரியே என் சொந்தக் குரல்ல பேசுனேன்.

அக்கா கைய நீட்டித் தேடி என் தொண்டயில வெச்சா. நான் நிறுத்தல, அவ எடுக்கல. சீன் முடிஞ்சிது. "ஹீரோ பேசறது பரவால்ல. அந்த மீன்காரிய மட்டும் இன்னொரு வாட்டி பேசச் சொல்லுடி."

சினிமாவுல எனக்கு ஒன்ஸ் மோர் கேட்டவ எங்க அக்கா ஒருத்திதான், அதுவும் அந்தப் படத்தக் கண்ணால பாக்குற கஷ்டம் அவளுக்கு இல்லாததாலதான் கேட்டிருப்பா.