பொறிக்கோழி என் குரலுக்குத்தான் வரும்

கோழிக்கு அறிவு கிடையாது என்கிறவர்கள் கோழி தின்றவர்களாக இருப்பார்கள், வளர்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். நான் வளர்த்தவள். சேலம் டவுனில் பிறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அத்தை விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார். வீட்டுக்காரருக்குக் கிணற்றடியே கதி. எனக்கு வாய்த்த துணை, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் மேய்ந்த ஒரு பொறிக்கோழி. சாம்பல் உடம்பு, அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

நான் அழுதால் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து என் புடவை ஓரத்தில் உட்காரும். கோபத்தில் பாத்திரத்தை உருட்டினால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. என் அழுகைக்கும் கோபத்துக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

முதல் புரட்டாசியில் அது இறகெல்லாம் கொட்டி, முட்டையும் நின்று, பார்க்கச் சகிக்காமல் நின்றபோது சீக்கு வந்துவிட்டது என்று பயந்தேன். கார்த்திகையில் புது இறகு வந்தது. கொண்டை சிவந்தது. தையில் மறுபடி முட்டை வைத்தது. ஓஹோ, இவ்வளவுதானா என்று இருந்தது.

மறு வருஷமும் அப்படியே கொட்டியது. புரட்டாசியில் வீட்டில் கறி கிடையாது, அதனால் தப்பித்தது. கார்த்திகையில் நாத்தனாரும் அவள் புருஷனும் விருந்துக்கு வருவதாகத் தகவல் வந்தது.

"முட்டை நின்னு மூணு மாசமாச்சு. அந்தப் பொறிய அறுத்துப் போடலாஞ் சாமி" என்று அத்தை தன் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தையிடம் வாய் திறக்க எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்தேன்.

"கொண்டை செவக்குதுங்க. தையில வெச்சிரும். அதை மட்டும் விட்ருங்க."

"அதத் தொட மாட்டோம் புள்ள. சேவல் இருக்குதில்ல" என்றார். நம்பினேன். கட்டினவன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

விருந்தாளிகள் வருகிற அன்று காலையில் அவர் வேகமாக வந்தார். "நரி ஒண்ணு வேலியோரம் சுத்துது. உன்ற பொறியக் கூப்புட்டுக் கூடைக்குள்ள மூடு புள்ள."

அந்தக் கோழியை வேறு யாராலும் பிடிக்க முடியாது. ஆள் கிட்டே போனாலே முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். என் குரலுக்குத்தான் வரும். நான் கையில் கம்பு தானியத்தை அள்ளிக்கொண்டு, "பா, பா" என்றேன். மற்ற கோழிகளும் ஓடி வந்தன. அவற்றை முந்திக்கொண்டு அது என் மடியில் ஏறியது. நானே தூக்கிக் கூடைக்குள் விட்டு, மேலே கல்லும் வைத்தேன். பாவி, கல் வேறு வைத்தேன்.

தண்ணீர் சேந்திக்கொண்டு திரும்பி வந்தபோது, வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் அந்தப் புது இறகுகள் கிடந்தன. சேவல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

அத்தைதான் அறுத்திருந்தார். வயிற்றைக் கீறியவர், "அட, கரு கெடக்குதே! இன்னம் பத்து நாள்ல முட்டை வெச்சிருக்குமே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். உள்ளே மஞ்சள் மணிகளாகச் சின்னதும் பெரியதுமாக முட்டைக் கருக்கள். பந்தியில் அவற்றை எடுத்து என் இலையில் வைத்தார். "நீ வளத்தது, நீ தின்னு கண்ணு." தன் பையன் எனக்குக் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரியாது. விருந்தாளிகள் முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? தின்றேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அறுக்கத்தான்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ கூப்புட்டிருக்க மாட்டயே" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்த கழுத்து கோழியுடையது. நம்பினவள் நானும்தான். கோழிக்கும் எனக்கும் நடுவில் இருந்த என் குரலை அவர் எடுத்துக் கருவியாக்கிக்கொண்டார், அதுதான் ஆறவில்லை.

மறுநாள் காலையில் கம்போடு போய் "பா, பா" என்றேன். மிச்சமிருந்த ஏழு கோழிகளும் கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஒன்றுகூட வரவில்லை. அத்தை வந்து என் கையிலிருந்த கம்பையே வாங்கி இறைத்தார். ஏழும் அவர் காலடிக்கு ஓடின.

"கோழிக்கென்ன தெரியும், ரெண்டு நாள்ல மறந்துரும்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த ஏழும் இருந்த வரைக்கும் என் கையில் தீனி தின்னவில்லை.