டிவியில் மட்டும் மூடிய மூடி

போன வருஷம் மழைக்கு முன்னாடி, தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கிற சின்ன கம்பெனியில் நடந்தது. அன்னைக்கு ரூமில் இருந்தவங்க: முதலாளி. சர்க்யூட் போர்டு டிசைன் பண்ற பொண்ணு, புதுசு, வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. பெட்டி வரையறவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்கின வீட்டுப் பிள்ளை, அதனால எங்களுக்கு அவர் 'முசியே', பிரெஞ்சில் 'ஐயா'. அப்புறம் நான். போர்டில் பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டுற சால்டரிங் என் வேலை. படிப்பு எட்டாவது.

மீன்பிடி போட்டில் பேட்டரி இறங்கினா கத்துற பெட்டி செஞ்சோம். வைத்திக்குப்பத்து ஆளுங்க ஆர்டர், மொத்தம் அறுபத்திரண்டு. மறுநாள் காலையில் கொடுக்கணும்.

முன்னெல்லாம் போர்டு ஒரு சாஃப்ட்வேரில், பெட்டி வேற சாஃப்ட்வேரில் வரைவாங்க. ரெண்டும் பொருந்துதான்னு பார்க்க, போர்டு படத்தை அதே அளவில் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டுவோம். நிஜ பாகங்களை அதில் குத்தி, பெட்டிக்குள்ள வெச்சு மூடிப் பார்ப்போம். அப்புறம் முதலாளி செலவு பண்ணி ரெண்டு சாஃப்ட்வேரையும் இணைச்சார். பொண்ணு போர்டில் எதை மாத்தினாலும் முசியேவோட பெட்டிக்குள்ள தெரியும். சுவர் டிவியில் மூடி மூடுறதையே பார்க்கலாம். அட்டை வேலையை விட்டுட்டோம்.

அன்னைக்கு எல்லா போர்டும் சால்டர் பண்ணி முடிச்சு, முதல் போர்டை பெட்டியில் வெச்சேன். மூடி மூடலை. குட்டி உருளை மாதிரி நிக்கிற ஒரு கெப்பாசிட்டரோட தலை இடிச்சது.

முதலாளி டிவியைக் காட்டினார். அதில் அழகா மூடியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல மூடுது. உன் கையிலதான் மூடல. அழுத்தி வெக்காம தூக்கலா சால்டர் அடிச்சிருக்க."

"ஒட்டித்தான் சார் இருக்கு."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? நாளையிலருந்து வர வேணாம்."

எங்க வீட்டில் சம்பளம்னா என்னுது மட்டும்தான். இருந்தாலும் பையை எடுத்தேன்.

பொண்ணு தன் கம்ப்யூட்டரில் என்னமோ அமுக்கிப் பார்த்துட்டிருந்தது. நாற்காலியைத் திருப்பிச்சு.

"சார், அக்கா மேல தப்பு இல்ல. நாம கேட்ட கெப்பாசிட்டர் கடையில கிடைக்கல. வேற ஒண்ணு போட்டேன். கம்ப்யூட்டர்ல அதுக்கு உயரம் குடுக்கல. உயரம் குடுக்கலன்னா பெட்டி சாஃப்ட்வேருக்கு அந்தப் பாகமே தெரியாது."

டிவியில் அந்த இடத்தைப் பெருசாக்கிக் காட்டிச்சு. மொட்டையா, கெப்பாசிட்டர் கால் குத்துற ரெண்டு புள்ளி மட்டும் இருந்தது.

"இதச் சொன்னா உன் வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்." குரல் நடுங்கிச்சு.

முசியே எழுந்தார். "நானும்தான் தினம் பாத்தேன். ஏன் மொட்டையா இருக்குன்னு கேக்கல. அனுப்பறதுன்னா என்னையும் அனுப்புங்க."

"யோவ் முசியே, எல்லாரும் கிளம்பிட்டா பெட்டிய நானா மூடறது? வழியைப் பாருங்கய்யா."

கெப்பாசிட்டரைப் படுக்க வெச்சா இடிக்காது, பக்கத்தில் இடம் இருக்குன்னு பொண்ணு சொல்லிச்சு. நான் ஒவ்வொண்ணா கழட்டினேன். பொண்ணு அதோட கம்பிக் கால்களை வளைச்சுக் கொடுத்தது. திரும்ப சால்டர் அடிச்சேன். கடலில் ஆடாம இருக்க முதலாளியே பசை வெச்சார். முசியே மூடி முடுக்கினார். நடுவில் பொண்ணு விரலைச் சுட்டுக்கிச்சு. "பரவால்லக்கா"ன்னு ஊதிக்கிச்சு. முதலாளி என்கிட்ட வருத்தம்னு ஒண்ணும் சொல்லலை. டீ வாங்கிட்டு வந்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்.

என் வேலையும் போகலை, பொண்ணு வேலையும் போகலை. ஆனா வாயைத் திறந்தப்போ அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. சும்மா இருந்திருந்தா நான் போயிருப்பேன், யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. இப்பவும் யார் மேலயாவது பழி விழறப்போ எனக்குப் பேச பயமா இருக்கும். அந்தப் பொண்ணுக்கும் பயம் இருந்ததுன்னு நினைச்சுக்குவேன். பேசிடுவேன்.

அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மூடின பெட்டி அறுபத்திரண்டு.