மழைக்காலத்துக் கியாக்தான்

நனைந்த தார்ப்பாயின் வாடை இன்றைக்கும் மூக்கில் பட்டால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். என் பத்தாவது வயதில், கொட்டுகிற மழையில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கியாக்தான் படகுத்துறையில் நின்றபோது வீசிய வாடை அது. ஆற்றின் நடுவிலிருக்கும் தீவுப் பகோடாவைப் பார்க்க வெயில் காலத்தில் கூட்டம் அலைமோதும் ஊர், மழை பிடித்துவிட்டால் ஆற்று மீனுக்குப் போடப் பொரி விற்கிறவர்கள்கூடக் கடையை மூடிக் கட்டிவிட்டுப் போய்விடுகிற ஊர். அங்கே யாத்திரிகர்களைப் படம்பிடித்துப் பிழைத்த அப்பா, மழை தொடங்கியதும் யாங்கோனுக்கு வந்துவிடுவது வழக்கம். அந்த வருடம் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி ஏது? "போய்ப் பார்த்துடுவோம்" என்று அம்மா கிளம்பிவிட்டாள்.

வீட்டிலும் மாதா கோயிலிலும் அப்பா அந்தோணி. வெளியில் "கோ மியிண்ட்". பர்மாவில் எங்கள் தமிழர்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. பகோடா வாசலில் தொழில் செய்கிறவனுக்குக் கழுத்தில் சிலுவை எதற்கு என்று அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் வயிறு கேட்குமா?

திறந்திருந்தது ஒரே ஒரு "லபெயே" கடை, அதாவது தேநீர்க் கடை. அதை நடத்திய டோ மியாவிடம் அம்மா பர்மிய மொழியில் கோ மியிண்டைப் பற்றி விசாரித்தாள். அந்த அம்மாள் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். யாங்கோனில் குடும்பம் இருப்பது தெரியும், தெரு தெரியாதாம்.

"நாங்க ஒரு குறையும் வைக்கலை, தங்கச்சி. ஊரே கூடி எரிச்சோம். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டோம். எவ்வளவு நல்ல பௌத்தர்! தினமும் பகோடாவைப் பார்த்துக் கும்பிட்டுத்தான் கேமராவைத் தொடுவார்."

"எரிச்சீங்களா?" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, அங்கே யாருக்கும் புரியாத தமிழில், "புதைக்கலையாம்டி... கடைசி நாள்ல ஆண்டவர் செத்தவங்களை எழுப்பறப்ப அவர் எதுலேர்ந்துடி எழுந்திருப்பார்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சாம்பலையாவது கேட்டோம். அவர்கள் அதை எடுத்து வைப்பதில்லையாம்.

அப்பா கிறிஸ்தவர் என்று அம்மா இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொன்னால், அவருக்காக அழுதவர்கள் முன்னால் அவர் ஏமாற்றுக்காரராகிவிடுவார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைகூப்பி நன்றி சொல்லி, அவர்கள் வைத்த சோற்றையும் சாப்பிட்டாள். அப்போது அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அடங்கப் பல வருடமாயிற்று. யாங்கோன் திரும்பும் பேருந்தில்தான் அவள் வாய்விட்டு அலறினாள். யாராலும் நிறுத்த முடியவில்லை.

இப்போது கியாக்தானில் படம்பிடிக்கிறவர்களே இல்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. டோ மியாவின் கடையும் போய்விட்டது. யாங்கோனில் கல்லறைத் திருநாளன்று எல்லாரும் அவரவர் குடும்பக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அம்மாவுக்கு மட்டும் ஏற்ற இடமில்லாதிருந்தது. ஓரத்தில் பெயர் அழிந்து, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கல்லறையை அவளாகவே தேர்ந்துகொண்டு, புல்லைப் பிடுங்கிக் கழுவி, வருடா வருடம் அதில்தான் ஏற்றி வந்தாள். சென்ற நவம்பரில் நாங்கள் போனபோது அங்கே புதுப் பளிங்குக் கல், அதில் அழிந்துபோயிருந்த பெயர் புதிதாய், சுற்றிலும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகள். அம்மா அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"அவங்க ஆளு அவங்களுக்குக் கிடைச்சுட்டாரு" என்று சொல்லி, ஏற்றாத மெழுகுவத்தியைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.